காரில் ஜெர்க், பிக்கப் இல்லை: பாகம் மாற்றச் சம்மதிக்கும் முன் ஸ்கேன் அறிக்கையைக் கேளுங்கள்

ஓடிக்கொண்டிருக்கும் கார் திடீரெனக் குலுங்கி இழுவையை இழப்பதும், சற்று நேரம் நிறுத்திவிட்டு எடுத்தால் ஒன்றுமே நடவாததுபோல ஓடுவதும் உங்களுக்கு நேர்ந்திருந்தால், எந்தப் பாகத்தையும் மாற்றச் சம்மதிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எல்லா நிறுவனக் கார்களையும் பார்ப்பதாகச் சொல்லும் கோவைப் பணிமனை ஒன்று, இந்தக் கோளாறைச் சாக்காக வைத்து என்னிடம் 23,000 ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டு, கோளாறை அப்படியே திருப்பித் தந்தது. புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை.

வண்டி 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார்; வாரண்டி முடிந்துவிட்டது. ஊருக்குள் ஓட்டும்போது எந்தத் தொல்லையும் இல்லை. மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறிலிருந்து குன்னூர் ஏற்றம் தொடங்கியதும், ஏசி ஓட மூன்றாம் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் குலுங்கும், வேகம் ஏறாது, செக் என்ஜின் விளக்கு சிமிட்டும். பர்லியாறில் நிறுத்தி பானெட்டைத் திறந்து ஆறவிட்டால் மறுபடி சீராக ஓடும், ஆனால் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். விளக்கு நிலையாக எரிவதைவிடச் சிமிட்டுவது கடுமையான எச்சரிக்கை. எரியாத பெட்ரோல், சைலன்சர் வழியில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதைக் கெடுக்கக்கூடும் என்பதே அதன் பொருள்.

பணிமனையில் விட்டபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது; ஜாப் கார்டிலும், அதாவது வண்டியை விடும்போது பணிமனை எழுதித் தரும் வேலைச் சீட்டிலும், அதை எழுதச் சொல்லியிருந்தேன். மறுநாள் விளக்கு அணைந்திருந்தது. "ஸ்கேனரில் எந்தக் கோடும் வரவில்லை சார், எல்லாம் இந்த 20 சதவீத எத்தனால் பெட்ரோல் செய்கிற வேலை" என்றார் பணிமனையின் சர்வீஸ் அட்வைசர். கோடு (code) என்பது என்ஜின் கணினி பதிந்துவைக்கும் கோளாறுக் குறியீடு. பெட்ரோல்தான் காரணமென்றால் நான்கு சிலிண்டர்களும் திணற வேண்டும். அவற்றுள் ஒன்று மட்டும் திணறுவதை அதன் தலையில் கட்ட முடியாது. எந்தச் சிலிண்டர் என்று தெரியாமலிருக்கும்வரை இந்தச் சாக்கு நன்றாகவே ஓடுகிறது. என்ஜினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் பாடி சுத்தம், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் சுத்தம், டேங்கில் ஊற்ற ஒரு புட்டி திரவம் என்று முதல் பில் வந்தது. ஏற்றத்தில் மீண்டும் அதே குலுங்கல். அடுத்த பில் ஃபியூயல் பம்புக்கு. அதற்கும் அடங்காதபோது, ஈசிஎம் எனப்படும் என்ஜின் கணினி போய்விட்டது, புதிதாகப் போட வேண்டும் என்று சொல்லி, அதுவரை வாங்கிய தொகையைவிடப் பெரிய எஸ்டிமேட் ஒன்றை நீட்டினார்கள். பழைய பம்பைக் கேட்டதற்கு, ஸ்கிராப்பில் போட்டுவிட்டோம் என்றார்கள்.

வண்டியை வெளியே எடுத்து, சிறிய கராஜ் வைத்திருக்கும் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி எனப்படும் கோளாறறியும் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி முதலில் பார்த்தது கோடுகளை அல்ல, கோடுகள் அழிக்கப்பட்ட பிறகு வண்டி ஓடிய தூரத்தை. அந்தப் பணிமனையிலிருந்து வண்டியைக் கடைசியாக எடுத்த பிறகு நான் ஓட்டிய தூரத்தோடு அது ஒத்துப்போயிற்று. பேட்டரி வயரைக் கழற்றினாலும் பல வண்டிகளில் இந்தக் கணக்கு பூஜ்யமாகிவிடும் என்பதால் இதை மட்டும் வைத்துக் குற்றம் சாட்ட முடியாது என்று அவரே சொன்னார். ஆயினும் எரிந்த விளக்கு ஜாப் கார்டில் பதிவாகியிருக்கையில், கோடே இருக்கவில்லை என்ற பேச்சு எடுபடாது. என்ஜின் கணினி கோடு ஒன்றைப் பதிந்த பிறகே அந்த விளக்கை எரிய விடுகிறது.

அதன்பின் அவர் செய்ததெல்லாம், வண்டியைச் சூடேற்றி, ஆள் ஏற்றி, ஏற்றத்தில் ஓட்டி, கோளாறு வரும் வரை காத்திருந்ததுதான். பி0302 என்ற கோடு வந்தது; இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அதற்குப் பொருள். உடனே அவர் புதுப் பாகம் எதையும் எடுக்கவில்லை. பிளக்கில் பொறி பறக்க அதிக வோல்டேஜ் தரும் பாகம் இக்னிஷன் காயில். இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாவதிலும், மூன்றாவதன் காயிலை இரண்டாவதிலும் மாற்றிப் பொருத்தி மீண்டும் அதே ஏற்றத்தில் ஓட்டினார். கோடு பி0303 ஆக மாறியது. காயிலோடு கோளாறும் நகர்ந்துவிட்டதால், இன்ஜெக்டர், வால்வு, ஈசிஎம் ஆகிய எல்லாச் சந்தேகங்களும் காசு செலவின்றித் தீர்ந்தன. காயிலுக்குள் சுற்றியிருக்கும் கம்பியின் காப்பு, சூட்டில் பலவீனமாகி மின்சாரத்தைக் கசியவிடும். ஏற்றத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது பொறி பறக்க அதிக வோல்டேஜ் தேவைப்படும், அப்போது காயில் கைவிரித்துவிடும். ஆறிய வண்டியை ஷெட்டில் நிறுத்தி ஐடிலில் ஓடவிட்டால் இது பிடிபடாது. புதுக் காயில் ஒன்றையும், தேய்ந்த பிளக்கின் அகன்ற இடைவெளி காயிலுக்குச் சுமை என்பதால் நான்கு பிளக்குகளையும் மாற்றினார். காயில் விலை இரண்டாயிரம் ரூபாயைச் சற்றே தாண்டியது. அதன்பின் குன்னூர் ஏற்றத்தில் குலுங்கல் இல்லை.

பின்சீட்டைத் தூக்கிப் பார்த்தபோதுதான் ஆத்திரம் வந்தது. பம்ப் மூடியின் திருகுகளில் பல ஆண்டுத் தூசி கலையாமல் இருந்தது. பம்பின் தலையில் அச்சாகியிருந்த தயாரிப்பு ஆண்டும் காரின் ஆண்டும் ஒன்றே. மாற்றாத பம்புக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள். மூடியைத் திறக்கும் முன்பே படங்கள் எடுத்துக்கொண்டோம்.

எனவே வண்டியை விடும்போதே, கோடுகளை அழிக்கும் முன் ஸ்கேன் அறிக்கையை அச்சிட்டோ படமாகவோ தரவேண்டும் என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். அதில் ஃப்ரீஸ் ஃப்ரேம் எனப்படும் பதிவும் இருக்கவேண்டும். கோளாறு வந்த கணத்தில் என்ஜினின் சூடு, ஆர்பிஎம், சுமை என்னவென்று அது காட்டும். கலவையில் பெட்ரோல் குறைவு என்னும் பி0171 வந்திருந்தாலும் பம்பை மாற்ற உடனே தலையாட்டாதீர்கள். மிஸ்ஃபயரில் செலவாகாமல் வெளியேறும் ஆக்சிஜனைப் பார்த்தே புகைவழியில் உள்ள சென்சார் அப்படிச் சொல்லக்கூடும். பம்ப் மேல் சந்தேகமென்றால் கேஜ் வைத்து ஃபியூயல் பிரஷரை அளந்து காட்டட்டும். டீசல் வண்டியில் இக்னிஷன் காயில் கிடையாது; அங்கே ஃபியூயல் ஃபில்டரிலிருந்து தொடங்குவதே முறை. கழற்றிய பாகங்களை டெலிவரியின்போதே கேட்டு வாங்குங்கள்.

படங்களையும் ஜாப் கார்டையும் இணைத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிந்தேன். பம்புக்கான தொகையை மட்டும் தருகிறோம், புகாரை விலக்கிக்கொண்டதாக எழுதித் தாருங்கள் என்று பணிமனை தொலைபேசியில் பேரம் பேசுகிறது, நான் இணங்கவில்லை. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதானால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்தால் போதும். இதே விதத்தில் ஏமாந்தவர்கள் ஜிஎஸ்டி பில்லையும் ஜாப் கார்டையும் தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.