சீட்டாவோடு 11 வருஷம்

சீட்டா ஹெலிகாப்டரைப் பற்றி பைலட்டுகள் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். நான் கீழே நின்று ஸ்பேனர் பிடித்தவன். விமானப்படை சர்வீஸில் 11 வருஷம் இதோடுதான் போனது, அதில் இரண்டு தவணை லடாக்கில்.

முதல் தடவை பார்த்தபோது, பாதி வேலையில் விட்டுவிட்டார்களோ என்று நினைத்தேன். முன்னால் கண்ணாடிக் குமிழ், பின்னால் தகடு போர்த்தாத கம்பிக்கூடு மாதிரி வால், மேலே எஞ்சின் அம்மணமாக உட்கார்ந்திருக்கும். மைனஸ் 20 டிகிரியில் விடிகாலைச் சோதனைக்கு நின்றபோதுதான் அதன் அருமை புரிந்தது. மூடி கழற்றும் வேலையே கிடையாது. டார்ச் அடித்தால் எண்ணெய்க் கசிவு, தளர்ந்த லாக்கிங் வயர் (போல்ட் கழலாமல் கட்டும் கம்பி) எல்லாம் கண்ணெதிரே. ஒருநாள் கையுறையைக் கழற்றிவிட்டு வயர் முறுக்கினேன். முனை கட்டைவிரலில் ஏறியதே தெரியவில்லை. அறைக்கு வந்து ஹீட்டர் முன்னால் உட்கார்ந்ததும் உயிர் போயிற்று.

பிரான்சின் சூட் ஏவியேஷன், நம் ராணுவத்தின் மலைத் தேவைக்காக உருவாக்கிய லாமா ஹெலிகாப்டர்தான் இது. 1969 மார்ச்சில் முதலில் பறந்தது, இங்கே அரசின் விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல். லைசென்ஸில் கட்டியது. அவர்களின் பழைய ஹெலிகாப்டரான அலுவெட் 2-இன் உடம்பை வலுப்படுத்தி, அலுவெட் 3-இன் எஞ்சினையும் ரோட்டாரையும் அதன் தலையில் வைத்தார்கள். அவ்வளவுதான் சூட்சுமம். அந்த ஆர்ட்டூஸ்ட் 3பி எஞ்சினால் 870 குதிரைத்திறன் தர முடியும். எடுக்கவிடுவது 550 சொச்சம்தான். மேலே காற்று மெலிந்து எஞ்சின் திணறும்போது, அந்த மிச்சம் கைகொடுக்கும். 1972 ஜூனில் பிரெஞ்சு சோதனை பைலட் ழான் பூலே லாமாவை 12,442 மீட்டருக்கு ஏற்றிக் காட்டினார். எஞ்சின் அணைந்துபோக, காற்றிலேயே பிளேடு சுற்ற, தரைவரை அப்படியே இறக்கினார்!

ஸ்டார்ட் செய்தவுடன் பிளேடு சுற்றாது. புதுப்பையன்கள் முழிப்பார்கள். எஞ்சின் கீச்சென்று தனியாக ஓடும். எரிபொருள் லீவரைத் தள்ளி வேகம் கூட்டினால்தான் கிளட்ச் பிடித்து மூன்று பிளேடும் சோம்பலாக நகர ஆரம்பிக்கும். பறக்கும்போது எஞ்சின் எப்போதும் நிமிஷத்துக்கு 33,500 சுற்றிலேயே நிற்கும், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் பார்த்துக்கொள்ளும்.

குறை? சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வேகத்தில் ஓடுவதால் எரிபொருளைக் குடித்துத் தீர்க்கும். அந்தக் கீச்சொலி இன்னும் என் வலது காதில் இருக்கிறது. சியாச்சினில் 20,000 அடியை ஒட்டிய ஹெலிபேடுகளுக்கு ஒரு ஜெர்ரிகேன் மண்ணெண்ணெய் கொண்டுபோவதே பெரிய விஷயம். அங்கே எஞ்சினை அணைக்கவும் மாட்டார்கள். குளிரில் மறுபடி ஸ்டார்ட் ஆகாவிட்டால் போச்சு. தவிர, ஒற்றை எஞ்சின்.

புது எஞ்சின் பொருத்திய சீட்டல் வந்த சமயம் நான் வெளியே வரும் நேரம். கிட்டே போய் மேயவில்லை, அதனால் கருத்துச் சொல்ல மாட்டேன். சீட்டாவைப் பற்றிச் சொல்வேன்: வடிவமைப்பில் குற்றம் இல்லை, வயசுதான் குற்றம். அந்தக் காலத்தில் ஃபார்ம் 700-இல் (பறக்கத் தயார் என்று நாங்கள் கையெழுத்திடும் பராமரிப்புப் பதிவேடு) கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடலாம் என்று கேலி பேசுவோம். இன்று அதே சீட்டாவுக்குப் போடச் சொன்னால், டார்ச்சை எடுத்துக்கொண்டு இன்னொரு சுற்று சுற்றிவிட்டுத்தான் பேனாவைத் திறப்பேன்.