விடுதியின் பெயரில் இருந்த வைஃபை விடுதியுடையது அல்ல

விடுமுறையின் மூன்றாம் நாள் இரவு, விடுதி அறையின் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, என் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை முன்பின் தெரியாத ஒருவனுக்கு நானே தட்டச்சு செய்து கொடுத்தேன். ஒன்று அல்ல, இரண்டு கடவுச்சொற்கள். அதன் பிறகு, கேட்டான் என்பதற்காகக் கைபேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணையும் கொடுத்தேன். எல்லாவற்றையும் கொடுத்து முடித்துவிட்டு, ஒரு படம் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

நான் கணக்குப் பிரிவில் இருபது ஆண்டுகளாக வேலை பார்ப்பவள். கடைசி எண்வரை கூட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அலுவலகத்தில் எனக்குப் பெயர். அந்தப் பெயருக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் எழுதுகிறேன். விடுதியின் பெயரை எழுதவில்லை. புகார் இன்னும் முடியவில்லை. பெயர் தெரிந்தாலும் உங்களுக்குப் பெரிய பயன் இல்லை, எந்த விடுதியிலும் இது நடக்கலாம்.

அறைச் சாவியோடு ஒரு சிறு அட்டை கொடுத்திருந்தார்கள். அதில் வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் இருந்தன. முதல் இரண்டு நாள் அதைத்தான் பயன்படுத்தினோம். எங்கள் அறை தாழ்வாரத்தின் கடைசியில் இருந்ததால் இணைப்பு நொண்டிக்கொண்டே வந்தது. மூன்றாம் நாள் இரவு பட்டியலைத் திறந்தால், விடுதியின் அதே பெயரோடு 'விருந்தினர்' என்ற சொல்லும் சேர்ந்து இன்னொரு வைஃபை தெரிந்தது. முழு வலு. கடவுச்சொல்லும் கேட்கவில்லை. அட்டையில் இல்லாத பெயர் என்று மனம் ஒரு கணம் சொல்லத்தான் செய்தது. நம் அறைப் பக்கத்துக்காகப் புதிதாகப் போட்டிருப்பார்கள் என்று நானே அதற்குப் பதிலும் சொல்லிக்கொண்டேன்.

தொட்டவுடன் ஒரு சிறிய ஜன்னல் திறந்தது. விடுதியின் சின்னம், வரவேற்பறையின் புகைப்படம், வழக்கமான நிறம். 'தொடர உங்கள் மின்னஞ்சல் கணக்கின் மூலம் நுழையவும்' என்றது. என் மின்னஞ்சல் நிறுவனத்தின் பொத்தானைத் தொட்டேன். தினமும் பார்க்கும் நுழைவுப் பக்கம் வந்தது. மேலே சிறிய எழுத்தில் ஏதோ ஒரு முகவரி, பக்கத்தில் பூட்டுச் சின்னம். பூட்டைப் பார்த்தேன். முகவரியைப் படிக்கவில்லை.

கடவுச்சொல்லை இட்டேன். 'தவறு' என்றது. கை தவறியிருக்கும் என்று மெதுவாக மறுபடி இட்டேன். மீண்டும் தவறு. சென்ற மாதம் மாற்றினேனோ என்ற குழப்பத்தில், பயண முன்பதிவுக் கணக்கில் பயன்படுத்தும் இன்னொன்றையும் இட்டுப் பார்த்தேன். இப்போது ஏற்றுக்கொண்டு சரிபார்ப்பு எண் கேட்டது. அதே நொடியில் குறுஞ்செய்தி வந்தது. உண்மையான நிறுவனத்திலிருந்தே வந்தது. அதைப் பார்த்ததும் இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. எண்ணை இட்டேன். 'இருபத்துநான்கு மணி நேரம் இலவசம்' என்று நன்றி சொன்னது.

என் தம்பி கணினி வலையமைப்பு வேலையில் இருப்பவன். பிறகு அவன் விளக்கியபோதுதான் ஒவ்வொன்றின் அர்த்தமும் புரிந்தது. முதலில் இட்டதே சரியான கடவுச்சொல்தான். தவறு என்று சொன்னது தூண்டில். தவறு என்று இரண்டு முறை சொன்னால், மனிதர்கள் தங்களிடம் இருக்கும் மற்றக் கடவுச்சொற்களையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிடுவார்களாம். சரிபார்ப்பு எண் உண்மையான நிறுவனத்திலிருந்து வந்ததற்கும் காரணம் உண்டு. நான் கொடுத்த கடவுச்சொல்லை அதே நேரத்தில் உண்மையான பக்கத்தில் இட்டு, என் கணக்குக்குள் திருடன் நுழைந்துகொண்டிருந்தான். அந்த எண் அவனைத் தடுக்க வந்த காவல்காரன். கதவைத் திறந்துவிட்டவள் நான்.

ஐந்தாம் நாள் காலை தம்பியிடமிருந்து அழைப்பு. "அக்கா, உனக்கு அவசரமாகப் பணம் வேண்டுமா?"

"எனக்கு எதற்குப் பணம்?"

"மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறாய். நீ எனக்கு மின்னஞ்சல் எழுதிப் பத்து ஆண்டு ஆகிறதே என்றுதான் கேட்கிறேன்."

என் அஞ்சல் பெட்டியைத் திறந்தேன். அமைதியாக இருந்தது, தேவைக்கு அதிகமாகவே. வங்கியிலிருந்தும் முன்பதிவு நிறுவனத்திலிருந்தும் வரும் அஞ்சல்கள் எல்லாம் நேராகக் குப்பைக்குப் போகும்படி திருடன் ஒரு வடிகட்டி அமைத்திருந்தான். பிரதி ஒன்று வேறொரு முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. குப்பையைக் கிளறினால் இரண்டு நாள் வரலாறு முழுவதும் கிடந்தது. ஆறு ஆண்டுகளாகச் சேர்த்த பயணப் புள்ளிகள் பரிசு அட்டைகளாக மாறிப் போயிருந்தன. சேமித்து வைத்திருந்த என் அட்டையில், நான் போகவே போகாத ஊர் ஒன்றில், ரத்து செய்தாலும் பணம் திரும்பாத இரண்டு அறைகள் பதிவாகியிருந்தன.

இங்கே நான் செய்த இன்னொரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். பதற்றத்தில் மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றினேன், அதோடு நின்றுவிட்டேன். அரை மணி நேரத்தில் திருடன் அதைத் திரும்ப மாற்றிவிட்டான். கணக்கை மீட்பதற்கான முகவரியாகத் தன் முகவரியை ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்தான். தம்பி தொலைபேசியில் இருந்தபடியே வழிநடத்தினான். முதலில் வைஃபையை அணைத்துவிட்டுக் கைபேசியின் சொந்த இணையத்துக்கு வரச் சொன்னான். கணக்கை மீட்பதற்காக நான் கொடுத்திருந்த கைபேசி எண்ணைத் திருடன் இன்னும் நீக்காமல் விட்டிருந்தது என் அதிர்ஷ்டம். அதன் வழியாகக் கணக்கைத் திரும்பப் பெற்றேன். அதன் பிறகு அவனுடைய மீட்பு முகவரியை நீக்கி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றி, வடிகட்டியையும் பிரதி போகும் முகவரியையும் அழித்து, கடைசியில்தான் புதிய கடவுச்சொல். வங்கியை அழைத்து அட்டையை முடக்குவதை இதற்கெல்லாம் முன்பே செய்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் தாமதமாகச் செய்தேன்.

பிறகு வரவேற்பறைக்குப் போனேன். என்னை உண்மையில் கொதிக்க வைத்த பகுதி இதுதான்.

கைபேசியைக் காட்டியதும் அங்கிருந்த இளைஞர், "அது எங்களுடையது இல்லை மேடம்" என்றார். திகைப்போ வருத்தமோ குரலில் இல்லை.

"உங்களுக்கு இது தெரியுமா?"

"ஒரு வாரமாகத் தெரிகிறது. வேறு இரண்டு விருந்தினர்களும் கேட்டார்கள்."

ஒரு வாரம்! நான் வந்து சேர்வதற்கு முன்பிருந்தே. மேலாளர் வந்தார். அட்டையில் சரியான பெயர் அச்சிட்டிருக்கிறது, வேறொன்றில் இணைந்தது உங்கள் விருப்பம் என்றார். அது உண்மைதான், என் பங்கை நான் மறுக்கவில்லை. ஒரு தாளில் 'இந்தப் பெயரில் இணையாதீர்கள்' என்று எழுதி ஒட்டியிருக்கலாமே என்று கேட்டேன். மற்ற விருந்தினர்கள் பயந்துவிடுவார்கள் என்றார். வரவேற்பறையில் பூச்சாடிக்கு இடம் இருக்கிறது, ஒரு தாளுக்கு இல்லை.

இதை ஆஸ்திரேலியாவில் நடந்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். 2024 ஏப்ரலில் உள்நாட்டு விமானம் ஒன்றில் சந்தேகத்துக்குரிய வைஃபை தெரிகிறது என்று விமான நிறுவன ஊழியர்கள் கவனித்துப் புகார் செய்தார்கள். விசாரணையில் ஒருவர் சிக்கினார். பெர்த், மெல்போர்ன், அடிலெய்ட் விமான நிலையங்களிலும் விமானங்களிலும் போலி வைஃபை அமைத்து, இணைந்தவர்களிடம் மின்னஞ்சல் அல்லது சமூக ஊடகக் கணக்கின் விவரங்களைக் கேட்கும் பக்கங்களைக் காட்டியதாக அந்நாட்டுக் கூட்டாட்சிக் காவல்துறை வழக்குத் தொடுத்தது. எனக்கு நடந்ததும் அச்சு அசலாக அதேதான். அங்கே ஊழியர்கள் வாயைத் திறந்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

இந்த வித்தைக்கு ஆங்கிலத்தில் 'ஈவில் ட்வின்' என்று பெயர். நாம் போலி இரட்டை என்று சொல்லலாம். செய்வதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை என்பதுதான் அச்சுறுத்துகிறது. வைஃபையின் பெயர் என்பது 32 பைட்டுக்குள் அடங்கும் வெறும் எழுத்து. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். உங்கள் கைபேசி ஹாட்ஸ்பாட்டுக்கே பக்கத்துக் கட்டடத்தின் பெயரைச் சூட்ட முடியும். பெயருக்கு உரிமையாளர் யார் என்று கைபேசி கேட்பதில்லை. கடவுச்சொல் இல்லாத வைஃபையில் ஒரு முறை இணைந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அதே பெயர் வேறெங்கே தெரிந்தாலும், தெரிந்த வீடு என்று நினைத்துக்கொண்டு கைபேசி தானாகவே இணைய முயலும். ஊருக்குத் திரும்பியதும் சேமிப்புப் பட்டியலைப் பார்த்தேன். கடந்த நான்கு பயணங்களின் விமான நிலையங்கள், விடுதிகள், காத்திருப்பு அறைகள் எல்லாம் வரிசையாக இருந்தன. உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்தேன்.

என்னிடம் விபிஎன் செயலி இருந்தது, நாம் இணையத்தில் அனுப்புவதை இடையில் யாரும் படிக்க முடியாதபடி மூடி அனுப்புவது, அதுவும் காசு கொடுத்து வாங்கியது. பயணத்துக்கு முன் நான் செய்த ஒரே முன்னேற்பாடு அது. அந்த நுழைவு ஜன்னலைத் தாண்டி இணையம் கிடைத்த பிறகுதான் விபிஎன் வேலை செய்யத் தொடங்கும். என்னைக் கொள்ளையடித்ததோ அந்த ஜன்னலிலேயே. அப்படியே முன்பே இயங்கியிருந்தாலும், போலிப் பக்கத்தில் நானாக எழுதிக் கொடுப்பதை அது தடுக்காது. என் கடவுச்சொல்லைப் பத்திரமான குழாய் வழியாகத் திருடனிடம் கொண்டு சேர்த்திருக்கும், அவ்வளவே.

பூட்டுச் சின்னமும் அதே கதைதான். உறை ஒட்டப்பட்டிருக்கிறது என்று அது சொல்லும். உறையைப் பிரிப்பவன் யோக்கியனா என்று சொல்லாது. 2015 இறுதியிலிருந்து லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்புகள் இதற்கான சான்றிதழை இலவசமாகவே கொடுக்கின்றன. நல்லவர்களுக்குக் கிடைப்பதுபோல மற்றவர்களுக்கும் கிடைக்கிறது. பூட்டைப் பார்த்தால் தளமே நம்பகமானது என்று மக்கள் தவறாக நினைப்பதால், குரோம் உலாவி 2023-ல் அந்தச் சின்னத்தையே எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தது. இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

பொது வைஃபை என்றாலே ஆபத்து என்று அலறுபவர்களோடு நான் சேரப்போவதில்லை. 2010-ல் ஃபயர்ஷீப் என்று, உலாவியில் சேர்த்துக்கொள்ளும் ஒரு நீட்சி வந்தது. திறந்த வைஃபையில் பக்கத்து மேசைக்காரரின் கணக்கில் ஒரு சொடுக்கில் நுழைய அதனால் முடிந்தது, ஏனென்றால் அன்று பல தளங்கள் நுழைவுப் பக்கத்தை மட்டும் மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்துவிட்டு மற்றதைத் திறந்தே விட்டிருந்தன. இன்று பெரும்பாலான தளங்கள் முழுவதுமாக மறையாக்கம் செய்கின்றன. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையமே, பொது வைஃபை பொதுவாகப் பாதுகாப்பானதுதான் என்று இப்போது சொல்கிறது. ஒட்டுக்கேட்பது கடினமாகிவிட்டதால், கேட்டு வாங்கிக்கொள்ள வந்துவிட்டார்கள்.

அதனால் நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த நுழைவு ஜன்னலை. விடுதி வைஃபைக்கு அறை எண் தேவைப்படலாம், குடும்பப் பெயர் தேவைப்படலாம், அட்டையில் உள்ள சொல் தேவைப்படலாம். சில இடங்களில் விளம்பரம் அனுப்ப மின்னஞ்சல் முகவரி கேட்பார்கள். எரிச்சல்தான், ஆனால் முகவரியோடு போய்விடும். உங்கள் மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்க எந்த வைஃபைக்கும் வேலை இல்லை. கேட்டால் ஜன்னலை மூடுங்கள், அந்தப் பெயரை மறக்கும்படி கைபேசிக்குச் சொல்லுங்கள். வரவேற்பறையில் சரியான பெயரை எழுத்துக்கு எழுத்து கேளுங்கள். அவர்களுக்கே தெரிந்திருந்தும் சொல்லாமல் இருக்கக்கூடும் என்பதால், இதே பெயரில் வேறு ஏதாவது தெரிகிறதா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

இப்போது என் மின்னஞ்சலுக்கு பாஸ்கீ அமைத்திருக்கிறேன். கடவுச்சொல் இல்லாமல், கைபேசியைத் திறக்கும் கைரேகையாலேயே நுழைவது. அது உண்மையான முகவரியோடு பிணைக்கப்பட்டிருப்பதால், எவ்வளவு அச்சாகப் போலி செய்தாலும் அந்தப் பக்கத்தில் அது வேலை செய்யாது. நான் படிக்காமல் விட்ட முகவரியை எனக்குப் பதிலாக அது படிக்கிறது. முன்பதிவுத் தளங்களில் அட்டையைச் சேமிப்பதையும் நிறுத்திவிட்டேன். பதினாறு இலக்கங்களை ஒவ்வொரு முறையும் தட்டுவது தொல்லை என்று கணவர் சொல்கிறார். தட்டட்டும்.

அட்டைப் பணம் நாற்பது நாள் கழித்து வங்கியிலிருந்து திரும்ப வந்தது. பயணப் புள்ளிகள் வரவில்லை. சரியான கடவுச்சொல்லும் சரியான எண்ணும் இட்டு நுழைந்திருப்பதால் தங்கள் தவறு இல்லை என்கிறது முன்பதிவு நிறுவனம். விடுதிக்கு எழுதிய மூன்றாவது கடிதத்துக்குச் சென்ற வாரம் பதில் வந்தது. நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறார்களாம். அடுத்த முறை தங்கும்போது வாடகையில் தள்ளுபடி தருகிறார்களாம். அதைப் பெறுவதற்குக் கீழேயுள்ள இணைப்பைத் தொட்டு, என் மின்னஞ்சல் கணக்கின் மூலம் நுழைய வேண்டுமாம்.