கோவிட்டுக்குப் பிந்தைய நுரையீரல் பயிற்சி: அளந்து பார்க்காமல் ஓடவிடும் மையங்கள் குறித்து ஓர் எச்சரிக்கை

கோவிட்டிலிருந்து மீண்டவர்களின் நுரையீரலைப் பலப்படுத்தித் தருவதாகக் கூறி, மூன்று மாதக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் கோவை மையம் ஒன்றில் என் தாயாருக்கு நேர்ந்ததை இங்கே பதிவு செய்கிறேன். 2021ஆம் ஆண்டின் இரண்டாம் அலைக்குப் பின் நடந்ததை இப்போது எழுதக் காரணம், அதே மையம் ‘நீண்டகாலக் கோவிட் சிறப்புச் சிகிச்சை’ என்று புதிய பலகை மாட்டி மறுபடியும் ஆள் சேர்த்துவருவதுதான்.

அம்மாவுக்கு அப்போது வயது 58. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் உண்டு. மருத்துவமனையில் ஆக்சிஜன் வைக்கப்பட்டு, ஸ்டீராய்டு மருந்துகளும் கொடுக்கப்பட்டு வீடு திரும்பியபோது, தாழ்வான நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியாத நிலையில் இருந்தார். ஸ்டீராய்டு தொடைத் தசைகளை வலுவிழக்கச் செய்யக்கூடியது. படுக்கையிலேயே கிடந்ததும் அதனுடன் சேர்ந்துகொண்டது. இவை அனைத்தும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதப்பட்டிருந்தன. மையத்தில் ஒருவரும் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. எடையும் இரத்த அழுத்தமும் பார்த்தார்கள், 36,000 ரூபாயைப் பெற்றுக்கொண்டார்கள், அன்றே டிரெட்மில்லில் ஏற்றிவிட்டார்கள்.

நடக்கத் தொடங்கும்போது 96 காட்டிய ஆக்சிமீட்டர் சில நிமிடங்களில் 89க்கு இறங்கியது. விரல் சில்லிட்டிருந்தாலோ நகத்தில் பூச்சு இருந்தாலோ அந்தக் கருவி தவறாகக் காட்டக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் அப்படி ஐயம் எழுந்தால் பயிற்சியை நிறுத்தி, நோயாளியை உட்காரவைத்து, விரலைத் தேய்த்துச் சூடாக்கி மீண்டும் பார்ப்பதே முறை. அங்கிருந்த பயிற்சியாளரோ கருவியைக் கழற்றிவிட்டு, “கொஞ்சம் மூச்சு வாங்கத்தான் செய்யும்மா, இப்ப விட்டுட்டா நுரையீரல் சுருங்கிப் போயிடும்” என்று வேகத்தைக் கூட்டினார். அவர் இயன்முறைச் சிகிச்சை படித்தவர் அல்லர், ஜிம் பயிற்சியாளர் என்பது பின்னர் தெரியவந்தது.

பயிற்சி முடிந்த அன்று அம்மா ஓரளவு நன்றாகவே இருப்பார். மறுநாள்தான் உடல் அடித்துப் போட்டதுபோல் ஆகி, தலை சுற்றி, படுக்கையை விட்டு எழ முடியாமல் போகும்; தேறி எழுவதற்குள் அடுத்த பயிற்சி நாள் வந்துவிடும். உழைப்புக்குப் பின் ஒன்றிரண்டு நாள் கழித்து அறிகுறிகள் மோசமாவது கோவிட்டுக்குப் பிந்தைய நிலையில் நன்கு அறியப்பட்ட ஒன்று என்பதும், அப்படிப்பட்டவர்களுக்குப் பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போவது தீங்காகும் என்பதும் அந்த மையத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறை நாங்கள் முறையிட்டபோதும், அம்மாவுக்கு மன உறுதி போதவில்லை என்றே பதில் வந்தது.

இதற்கிடையே, மருந்துக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மூன்று பந்து மூச்சுப் பயிற்சிக் கருவியை 1,800 ரூபாய்க்கு விற்றார்கள். அதையாவது வணிகம் என்று விட்டுவிடலாம். விட முடியாதது, ‘நுரையீரல் நச்சு நீக்கம்’ என்ற பெயரில் ஏற்றிய டிரிப்ஸ். அந்தப் பாட்டிலில் டெக்ஸ்ட்ரோஸ் என்று அச்சிட்டிருந்ததை என் தங்கைதான் கவனித்தாள். சர்க்கரை நோயாளியின் உடலில் சர்க்கரை நீரை ஏற்றியிருக்கிறார்கள். அன்றிரவு குளுக்கோமீட்டர் 340 காட்டியது. அத்துடன் அங்கே போவதை நிறுத்தினோம்.

பிறகு அரசு மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு அழைத்துச் சென்றபோதுதான் முறையான தொடக்கம் எப்படியிருக்கும் என்பதைக் கண்டோம். முதலில் ஈசிஜியும் மூச்சுத்திறன் பரிசோதனையும் எடுத்தார்கள். அடுத்து, தாழ்வாரத்தில் அளந்து குறியிட்ட தூரத்தில் ஆறு நிமிடம் அவரது வேகத்திலேயே நடக்கவிட்டு, கடந்த தூரத்தையும் ஆக்சிஜன் அளவையும் குறித்துக்கொண்டார்கள்; எவ்வளவு மூச்சு வாங்குகிறது என்பதை 0 முதல் 10 வரையிலான போர்க் அளவுகோலில் அவரையே சொல்லவைத்தார்கள். நடக்கும்போது ஆக்சிஜன் அளவு 3 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் பயிற்சிக்கு முன் காரணத்தை ஆராய வேண்டும் என்று அங்கிருந்த இயன்முறைச் சிகிச்சையாளர் விளக்கினார். தொடக்கப் பயிற்சிகள் பார்க்க மிக எளியவை: உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விடுதல், உயரமான நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், வீட்டு வேலைகளைத் துண்டு துண்டாகப் பிரித்து நடுவே ஓய்வெடுத்தல். உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு உடற்பயிற்சிக்குத் திரும்புவதை ஐந்து கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது 7 நாள் இருக்கச் சொல்கிறது. ஒரு கட்டம் ஒத்துக்கொள்ளாவிட்டால் முந்தையதற்குத் திரும்ப வேண்டும். மையத்தின் மூன்று மாத அட்டவணையிலோ பின்வாங்குவதற்கு இடமே இல்லை. வெளியே செல்ல இயலாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை அளிக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ‘கட்டணம் திருப்பித் தரப்படாது’ என்ற வரியைக் காட்டினார்கள். அந்த வரிக்கு அஞ்ச வேண்டியதில்லை. கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. குறைபாடுள்ள சேவையை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறையாகக் கருதுகிறது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மிகாதபோது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யக் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் முதற்கட்ட வழிகாட்டுதல் கிடைக்கும்.

எங்கள் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பிய பிறகே மையம் பாதித் தொகையைத் தந்தது. மீதிக்கான மனு ஆணையத்தில் நிலுவையில் உள்ளது. அதே மையத்தில் பணம் கட்டியவர்கள் யாரேனும் இருந்தால், ரசீதையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பயிற்சியின்போது எடுத்த ஆக்சிமீட்டர் படங்களையும் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். டிரிப்ஸ் ஏற்றியிருந்தால், என்ன மருந்து, யார் எழுதிக்கொடுத்தது என்பதை எழுத்து மூலம் கேட்டு, அந்தக் கடிதத்தின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள்.