கண் வறட்சிக்கு வாங்கின யுஎஸ்பி ஐ மாஸ்க்: காசுக்கு வொர்த்தா?

யுஎஸ்பில சொருகுனா சூடாகி, மூடுன கண்ணுக்கு ஒத்தடம் குடுக்கற மாஸ்க் இது. மொதல்லயே சொல்லிடறேன், அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஒரு ஸ்டார் கொறச்சதுக்கு காரணம் பின்னாடி இருக்கற வெல்க்ரோ பட்டி, முடிய புடுங்கி எடுத்துருது, பின்னல் போட்டு படுக்கறவங்களுக்கு இன்னும் மோசம். மத்தபடி 700 ரூபாய்க்குள்ள வாங்குன சாமான்ல இவ்ளோ உருப்படியா வேற ஒண்ணும் எங்க வீட்டுல இல்லைங்க. பிராண்டு பேரு கேக்காதீங்க, டப்பால இருந்தது வாயிலயே நுழையல, ஆன்லைன்ல தேடுனா அதே மாஸ்க் வேற வேற பேருல வரிசையா வருது, எல்லாம் ஒரே சரக்குதான்னு தோணுது. எதை பாத்து வாங்கணும்னு கீழ சொல்றேன்.

நான் வாங்கறதுக்கு முன்னாடி ரிவ்யூவெல்லாம் படிச்சேன், பாதி பேர் சூப்பர்ங்கறாங்க பாதி பேர் குப்பைங்கறாங்க. ரெண்டுமே உண்மையாத்தான் இருக்கும். ஏன்னா கண் வறட்சியே ஒரே வகை கிடையாது, உங்களுக்கு எது கொறைவுன்னு தெரியாம மாஸ்க் வாங்கினாலும் சரி டிராப்ஸ் வாங்கினாலும் சரி குருட்டாம்போக்குல அடிக்கற மாதிரிதான்.

என் கதை சுருக்கமா. ஈரோட்டுல ஒரு ஜவுளி கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன், காலைல டேலி சாஃப்ட்வேர்ல உக்காந்தா சாயந்திரம்தான் தலைய தூக்கறது, மாசம் 11ம் தேதி ஜிஎஸ்டிஆர் 1, 20ம் தேதி 3பின்னு ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஃபைல் பண்ணணும், அந்த நாளெல்லாம் கேக்கவே வேணாம், ஏசி வேற நேரா மூஞ்சிக்கே அடிக்கும். நாலு மணிக்கு மேல கண்ணுல மணல கொட்டுன மாதிரி இருக்கும், எரியும், எக்செல்ல எண்ணெல்லாம் மங்கும், ரெண்டு தடவ கண்ண சிமிட்டுனா தெளிவாகும், அப்பறம் திரும்ப மங்கும். இதுல கூத்து என்னன்னா வண்டில வீட்டுக்கு போறப்போ காத்து பட்டு கண்ணுல இருந்து தண்ணி தண்ணியா ஊத்தும், தண்ணி ஊத்துது இதுல எங்க இருந்து வறட்சின்னு எங்க வீட்டுக்காரர் கேலி பண்ணுவாரு. ஆனா அது சரியாத்தான் இருக்கு, கண்ணு காஞ்சு உறுத்துனா மூளை பதறி போய் கண்ணீர் சுரப்பிய தொறந்து விட்டுருது, அப்படி வர்ற தண்ணி கன்னத்துல வழியுமே தவிர கண்ணு மேல நிக்காது.

கண் டாக்டர்கிட்ட போனப்போ ரெண்டு டெஸ்ட் எடுத்தாங்க. ஒண்ணு ஷிர்மர் டெஸ்ட், சின்ன காகித பட்டைய கீழ் இமைக்குள்ள மாட்டி அஞ்சு நிமிஷம் கண்ண மூடி உக்கார சொன்னாங்க, எவ்ளோ தூரம் நனையுதுன்னு அளப்பாங்க, 10 மில்லிமீட்டருக்கு மேல நனைஞ்சா பொதுவா பரவால்ல, 5க்கு கீழ போனா கவலைப்படணும். எனக்கு நல்லாவே நனைஞ்சிருந்துச்சு. அடுத்தது கண்ணுல மஞ்ச கலர் சாயம் போட்டு நீல வெளிச்சத்துல பாத்தாங்க, சிமிட்டாம இருந்தா கண்ணீர் படலம் எத்தன செகண்டுல உடையுதுன்னு, 10 செகண்டுக்கு கொறஞ்சா பிரச்சனை. எனக்கு சிமிட்டி முடிச்ச கையோட உடைஞ்சிருச்சு. அப்பறம் டாக்டர் இமை ஓரத்த விரலால லேசா அமுக்கி பாத்துட்டு, "உங்களுக்கு தண்ணி இருக்கும்மா, எண்ணெதான் வரல"ன்னாரு.

அதாவது கண்ணீர்ங்கறது வெறும் தண்ணி இல்ல. கண்ணோட ஒட்டி ஒரு கொழகொழப்பு, அது மேல தண்ணி, எல்லாத்துக்கும் மேல மெல்லிசா எண்ணெ. அந்த எண்ணெ இருக்கறதாலதான் தண்ணி ஆவியாகாம நிக்குது. எண்ணெய சுரக்கறது மெய்போமியன் சுரப்பிங்க, மேல் இமைல 25ல இருந்து 40 வரைக்கும், கீழ கொஞ்சம் கம்மியா, இமை ஓரத்துல வரிசையா வாய் வச்சிருக்கும். நாம சிமிட்டறப்போ இமை அமுங்கி எண்ணெ வெளிய வரணும். சிமிட்டறது கொறஞ்சா எண்ணெ உள்ளயே தங்கி கெட்டியாகிருது, மார்கழில தேங்கா எண்ணெ பாட்டில்ல உறைஞ்சு போய் கவுத்தாலும் வராது பாருங்க, அதேதான். சாதாரணமா நிமிஷத்துக்கு சுமார் 15 தடவ சிமிட்டற ஆளு ஸ்கிரீன பாத்தா அதுல பாதி கூட சிமிட்டறதில்ல, அதுலயும் பல தடவ அரைகுறையா, இமை முழுசா மூடறதே இல்ல. கண் வறட்சிக்காரங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இந்த எண்ணெ பிரச்சனை கொஞ்சமாவது இருக்குமாம்.

உறைஞ்சத எப்படி எளக்கறது, சூடு பண்ணித்தான். அதுக்குத்தான் ஒத்தடம்.

டாக்டர் மாஸ்க்கெல்லாம் சொல்லல, சுடுதண்ணில துணிய நனைச்சு பத்து நிமிஷம் வைங்கன்னாரு. வச்சு பாத்தேன், துணி ரெண்டு நிமிஷத்துல ஆறிருது, திரும்ப நனை, புழி, வை, அதுக்குள்ள குக்கர் விசில், பசங்க சண்டை. சுரப்பிக்குள்ள போற சூடு 40 டிகிரி கிட்ட அஞ்சு பத்து நிமிஷம் விடாம இருந்தாத்தான் எண்ணெ எளகும், துணில அத புடிச்சு வைக்கவே முடியல. உள்ள குட்டி குட்டி மணியா நெரப்பி, மைக்ரோவேவ்ல வச்சு சூடு பண்ற மாஸ்க்னு ஒண்ணு இருக்கு, நல்லா சூடு நிக்கும்னு சொல்றாங்க, எங்க வீட்டுல மைக்ரோவேவ் இல்ல. அதனால யுஎஸ்பி.

இப்ப மாஸ்க். துணி வழவழன்னு பட்டு மாதிரி, ஒயர்ல ஒரு குட்டி ரிமோட்டு, சூடு மூணு லெவல், டைமர் இருக்கு, டைம் முடிஞ்சா தானா ஆஃப் ஆயிரும். இந்த ரெண்டும் இல்லாத மாஸ்க்க ஓசில குடுத்தாலும் வாங்காதீங்க, படுத்தா தூங்கிருவோம், சூட்டுலயே கெடக்கும். 45 டிகிரிக்கு மேல போற அயிட்டமும் வேணாம், இமை தோலு ரொம்ப மெல்லிசு, வெந்துரும். நான் நடு லெவல்தான் வைப்பேன். மேல் உறைய கழட்டி தொவைக்க முடியுதான்னு பாருங்க, முடியலன்னா ரெண்டே வாரத்துல வேர்வை நாத்தம் அடிக்கும், கண்ணு மேல வைக்கற சாமான் அது. என் மாஸ்க்குல ஒரு லாவெண்டர் பொட்டலம் வேற வச்சு அனுப்பியிருந்தாங்க, ஊதுபத்தி கடைல படுத்த மாதிரி இருந்துச்சு, தூக்கி போட்டுட்டேன். கரண்ட் போனாலும் பவர் பேங்க்ல ஓடுது, நம்மூருக்கு இது பெரிய வசதி.

போட்டு படுக்கறப்போ பட்டிய இறுக்காதீங்க, கண்ண அமுக்குனா எடுத்ததும் கொஞ்ச நேரம் பார்வை மங்கலா இருக்கும். முடிஞ்சதும் கை கழுவிட்டு மேல் இமைய மேலிருந்து கீழ, கீழ் இமைய கீழிருந்து மேல, முடி இருக்கற ஓரம் வரைக்கும் விரலால மெதுவா நீவி விடணும், தேய்க்கற வேலையே கூடாது. பல பேர் இத செய்யாம மாஸ்க் வேஸ்ட்னு எழுதறாங்க, எளகுன எண்ணெய வெளிய தள்ளுனாத்தானே ஆச்சு. அப்பறம் இமை ஓரத்த ஈர பஞ்சால தொடச்சு எடுத்துருவேன், கண்மை போடறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், உள் ஓரத்துல இழுக்கற மை நேரா சுரப்பி வாய்லதான் போய் அடைக்கும். நான் இப்பல்லாம் விசேஷத்துக்கு மட்டும்தான் மை, அதுவும் வெளி ஓரத்துல.

பலன் ஒரு நாள்ல தெரியாதுங்க. தெனமும் போட்டு சில வாரம் கழிச்சுத்தான் சாயந்திர எரிச்சல் கொறைஞ்சது புரிஞ்சது, நிறுத்துனா திரும்ப வருது, பல்லு வெளக்கற மாதிரி தெனசரி வேலைன்னு வச்சுக்கணும். சித்திரை வெயில்ல மட்டும் சத்தியமா கொடும, ஃபேன போட்டா கண்ணு காயுது, போடலன்னா மாஸ்க்குக்குள்ள வேர்க்குது. அப்போ விடியக்காலைல எந்திரிச்சு போடறேன்.

டிராப்ஸ் பத்தியும் சொல்லிடறேன், மாஸ்க் மட்டும் போதாது. கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் 0.5% போட்ட செயற்கை கண்ணீர் எல்லா மெடிக்கல்லயும் கெடைக்கும், ரெஃப்ரெஷ் டியர்ஸ் இந்த ரகம்தான். தொறந்து ஒரு மாசத்துல தூக்கி போட்டுரணும், மிச்சம் இருக்கேன்னு பாக்கக்கூடாது. ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல போட வேண்டி வந்தா பிரிசர்வேட்டிவ், அதான் மருந்து கெடாம இருக்க சேக்கற கெமிக்கல், அது இல்லாத ரகத்துக்கு மாறணும், முக்கியமா பென்சால்கோனியம் குளோரைடுங்கற பிரிசர்வேட்டிவ் இருக்கான்னு லேபிள்ல பாருங்க, அடிக்கடி பட்டா அதுவே கண்ணு மேல்பரப்ப புண்ணாக்கும், வறட்சிக்கு போடற மருந்தே வறட்சிய ஏத்தி விடற கத. சின்ன சின்ன பிளாஸ்டிக் குப்பியா வர்றது பிரிசர்வேட்டிவ் இல்லாதது, வெல கூட, தொறந்தத மிச்சம் புடிக்காம தூக்கி போடணும்னு மனசு அடிச்சுக்கும், ஆனா அதுல வெளையாட கூடாது. 2023ல அமெரிக்காவுல பிரிசர்வேட்டிவ் இல்லாத பாட்டில் டிராப்ஸ் ஒண்ண போட்டவங்களுக்கு சூடோமோனாஸ் கிருமி தொத்தி பல பேருக்கு பார்வை போச்சு, நாலு பேர் செத்தும் போனாங்க, அந்த பாட்டில் தயாரானது நம்ம சென்னை பக்கம் இருக்கற ஃபேக்டரில. கண்ணுல விடற எதுவும் சுத்தமா இல்லன்னா என்ன ஆகும்னு அப்பத்தான் ஒறைச்சுது.

இதே காரணத்துக்காகத்தான் அத்தை சொல்ற விளக்கெண்ணெ, பன்னீர், தாய்ப்பால் எதையும் கண்ணுக்குள்ள விடறதில்ல. நந்தியாவட்டை பூவ மூடுன கண்ணு மேல வச்சுக்க சொல்வாங்க, ஜில்லுன்னு இருக்கும், அத வேணாங்க மாட்டேன், சாறு புழிஞ்சு ஊத்தாம இருந்தா சரி.

மெடிக்கல்ல "கண்ணு செவந்திருக்குண்ணா"ன்னு மட்டும் சொல்லி மருந்து வாங்காதீங்க. செவப்ப போக்கற டிராப்ஸ் ரத்தக்குழாய சுருக்கி வெள்ளையா காட்டும், போடறத நிறுத்துனதும் முன்னவிட அதிகமா செவக்கும். ஸ்டீராய்டு டிராப்ஸ் இன்னும் ஆபத்து, சுகமா இருக்கேன்னு மாசக்கணக்குல போட்டா கண் அழுத்தம் ஏறி, பார்வை நரம்ப கெடுக்கற கிளாக்கோமால கொண்டு போய் விடலாம், டாக்டர் சொல்லாம தொடவே கூடாது.

மீன் எண்ணெ மாத்திரையும் வாங்கி முழுங்குனேன், ஏப்பம்தான் மிச்சம். 2018ல வந்த ட்ரீம்ங்கற பெரிய ஆய்வுல மீன் எண்ணெல இருக்கற ஒமேகா 3ய தெனம் 3000 மில்லிகிராம் ஒரு வருஷம் குடுத்து பாத்திருக்காங்க, இன்னொரு கூட்டத்துக்கு ஆலிவ் எண்ணெ, ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குத்தான் தேறியிருக்கு. அந்த காசுக்கு மத்தி மீன் வாங்கி கொழம்பு வைக்கலாம்.

காசு இல்லாம செஞ்சது எல்லாம் சின்ன விஷயம். மானிட்டர கண் மட்டத்துக்கு கீழ எறக்குனேன், கீழ பாத்தா இமை பாதி மூடியிருக்கும், காயற பரப்பு கம்மி. ஏசி காத்த மேல பாத்து திருப்ப சொன்னேன், அதுக்கு ஆபீஸ்ல ஒரு சின்ன யுத்தமே நடந்துச்சு. ஹெல்மெட் கண்ணாடிய எறக்கி விட்டே வண்டி ஓட்டறேன். 20 நிமிஷத்துக்கு ஒருக்கா 20 அடி தள்ளி 20 செகண்டு பாக்கணும்ங்கறாங்களே, அது ரிட்டர்ன் ஃபைல் பண்ற அன்னிக்கு நடக்கற காரியமில்ல, அதனால பக்கத்து சீட் அக்கா டீ குடிக்க கூப்பிட்டா மறுக்காம எந்திரிச்சிருவேன்.

யாரு வாங்க வேணாம்: கண்ணு செவந்து பீளை தள்ளுது, வலிக்குது, வெளிச்சம் பாக்க முடியல, பார்வை திடீர்னு கொறையுதுன்னா மாஸ்க்கு பக்கமே போகாதீங்க, நேரா கண் ஆஸ்பத்திரி. கண்ணோட வாயும் காஞ்சு போகுது, மூட்டும் வலிக்குதுன்னா அது நம்ம எதிர்ப்பு சக்தியே சுரப்பிங்கள தாக்கற ஷோக்ரன் மாதிரி வேற நோயா கூட இருக்கலாம், அதுக்கு ரத்த டெஸ்ட் வேணும். சளிக்கு அலர்ஜிக்கு செட்டிரிசின் தெனமும் போடறவங்க, பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடறவங்க டாக்டர்கிட்ட அத மறக்காம சொல்லுங்க, அந்த மாத்திரைங்களே கண்ண காய வைக்கும். சுகர் இருந்து தோல்ல சூடு ஒறைக்காதவங்களும் கேட்டுட்டு போடுங்க. ஷிர்மர்ல தண்ணியே கம்மின்னு வந்தவங்களுக்கு இந்த மாஸ்க் பெருசா ஒண்ணும் கிழிக்காது, அவங்களுக்கு சைக்ளோஸ்போரின் டிராப்ஸ், கண்ணீர் வடியற ஓட்டைய அடைக்கற குட்டி பிளக்குன்னு வேற வழி இருக்கு.

எண்ணெ கேஸ்னு டாக்டர் சொன்னா தைரியமா வாங்கலாம். ஆர்டர் போடறப்போ வெல்க்ரோவுக்கு பதிலா வளையம் வச்சு இழுத்து சரி பண்ற எலாஸ்டிக் பட்டி இருக்கற மாடலா பாருங்க, அம்பது ரூபா கூட ஆனாலும் பரவால்ல.