கருமருந்துக்கு மாற்றாக டிரிபிள் செவன்: நல்ல மருந்துதான், ஆனால் அதே அளவில் அல்ல

வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர், அசல் கருமருந்து கடையில் கிடைக்காமல் போகும்போதுதான் மாற்று மருந்தைத் தேடத் தொடங்குகிறார்கள். வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற விகிதத்தில் அமைந்த அந்தப் பழைய கலவை சிறு பொறிக்கே பற்றிக்கொள்ளும். அமெரிக்காவில் அது வெடிபொருளாகவே வகைப்படுத்தப்பட்டிருப்பதால் பல கடைக்காரர்கள் அதை வாங்கி வைக்கவே தயங்குகிறார்கள். அந்த இடத்தை நிரப்ப வந்தவற்றுள் ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் பைரோடெக்ஸும் டிரிபிள் செவனும் முக்கியமானவை. அரை அங்குலக் குழலும் கேப்பும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு உலோக மூடி) கொண்ட துப்பாக்கியில், இரண்டு எஃப் என்ற துகள் பருமனுள்ள கருமருந்துக்குப் பதிலாக அதே பருமன் தரமுள்ள டிரிபிள் செவனைப் போட்டுப் பார்த்ததன் மதிப்பீடு இது.

முதலில் அளவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இந்த மருந்தின் நிறையும் குறையும் அங்கேதான் இருக்கின்றன. மருந்தை எடை போடாமல் அளவுக்குழலில் மொண்டு போடுவதே இத்துறையின் பழைய வழக்கம். அளவுக்குழலில் பொறித்திருக்கும் கிரெய்ன் (சிறு எடை அலகு) கணக்கு கருமருந்தை வைத்து வகுத்தது. பைரோடெக்ஸ் அதைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு இலேசானது என்றாலும், அதே கொள்ளளவில் கருமருந்துக்கு நிகரான வேகத்தைத் தரும்படி அமைக்கப்பட்டிருப்பதால் அளவுக்குழலில் மொள்ளும் அளவை மாற்றத் தேவையில்லை. டிரிபிள் செவனோ, அதே கொள்ளளவில் கருமருந்தைவிடக் கூடுதல் வேகம் தருவது. ஆகவே, 80 கிரெய்ன் கருமருந்தில் குறி சரியாக விழும் துப்பாக்கிக்கு இதில் 15 விழுக்காடு குறைத்து 68 கிரெய்ன் கோட்டில் நிறுத்துவதே முறை என்று தயாரிப்பாளரே சொல்கிறார். அதைக் கவனியாமல் 80 கிரெய்ன் போட்டால் குறி மாறுவதோடு, துப்பாக்கிக்கு விதித்த உச்ச அளவை ஒட்டி ஏற்கெனவே மருந்திடுபவர் எல்லையையும் தாண்டிவிடுவார்.

இதைவிடப் பெரிய ஆபத்து தராசில் இருக்கிறது. நுணுக்கமாகச் செய்கிறோம் என்று எண்ணி, 100 கிரெய்ன் பைரோடெக்ஸை எடை போட்டுக் கொட்டுபவர், உண்மையில் கருமருந்துக் கணக்கில் 140 கிரெய்னுக்கும் மேலாகக் குழலுக்குள் இறக்குகிறார். டிரிபிள் செவனில் அதே தவறு இன்னும் மோசமானது. டப்பாவின் மேல் இந்த எச்சரிக்கை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் முதன்முறை வாங்குபவரின் கண்ணில் படும்படி இன்னும் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கலாம் என்பது என் குறை.

சுட்ட பிறகுதான் இதன் அருமை தெரிகிறது. கந்தகம் இல்லாததால் அழுகிய முட்டை நாற்றம் அறவே இல்லை. வெறும் நீரில் நனைத்த துணியே குழலைத் துடைக்கப் போதுமானது. பைரோடெக்ஸில் கந்தகம் உண்டு. பெர்குளோரேட் என்ற உப்போ இரண்டு மருந்திலும் உண்டு. அது எரிந்து விட்டுச்செல்லும் குளோரைடு உப்பு ஈரத்தை இழுத்து இரும்பை விரைவில் துருவேற்றும். ஆகவே டிரிபிள் செவனைச் சுட்டுவிட்டுத் துப்பாக்கியை அப்படியே சாத்தி வைக்கலாம் என்று பொருள் கொள்ளக் கூடாது. அன்றே கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும்.

குறை என்றால் கசடு வளையத்தைச் சொல்லலாம். சில முறை சுட்டதும், மருந்து எரிந்த இடத்துக்குச் சற்று மேலே கரி ஒரு வளையமாக இறுகிவிடுகிறது. அடுத்த குண்டை இறக்கும்போது கோல் அந்த இடத்தில் முட்டி நிற்பது கைக்கே தெரியும். அங்கேயே குண்டு நின்றுவிட்டது தெரியாமல் சுட்டால் குழல் கிழியக்கூடும். கோலில் முன்கூட்டியே ஒரு கோடு போட்டுக்கொண்டு, குண்டு மருந்தின்மேல் முழுமையாக அமர்ந்ததா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பதே இதற்குப் பரிகாரம். கேப்புக்குப் பதிலாகச் சில புதிய துப்பாக்கிகளில் வைக்கும், சூடு மிகுந்த 209 பிரைமர்களில் இந்த வளையம் அதிகம். இதற்கென்றே வீரியம் குறைந்த பிரைமர்கள் விற்கப்படுகின்றன. இரண்டு சுடுகைகளுக்கு இடையே ஈரத்துணியை ஒருமுறை விட்டு எடுத்தால் தொல்லை அடங்குகிறது, ஆனால் கருமருந்திலும் அந்த வேலை இருக்கத்தானே செய்தது!

சக்கிமுக்கித் துப்பாக்கிக்காரர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மாற்று மருந்துகள் பற்றிக்கொள்ளக் கூடுதல் வெப்பம் கேட்பவை. கல்லின் பொறியும், குழலுக்கு வெளியே சிறு கிண்ணத்தில் இடும் மருந்தும் அதற்குப் போதாமல் சுடுகை தாமதமாகும் அல்லது புகையோடு நின்றுவிடும். பிளாக்ஹார்ன் 209 என்ற மற்றொரு மருந்து கசடில் இதைவிட மேலானது, ஆனால் அதற்கு 209 பிரைமர் கட்டாயம் என்பதால் கேப்பு வைத்துச் சுடும் பழைய துப்பாக்கிக்கு அது ஆகாது. புகையில்லா மருந்து மட்டும் எந்த அளவிலும், ஒரு சிட்டிகைகூட, இந்தக் குழல்களுக்குள் போகக் கூடாது.

மிச்சமிருக்கும் கருமருந்தோடு டிரிபிள் செவனைக் கலந்து தீர்த்துவிடலாம் என்ற சிக்கனமும் வேண்டாம். கேப்பு வைத்துச் சுடுபவர், சுலபமாகக் கழுவும் வசதிக்காக மாற விரும்பினால் தாராளமாக வாங்கலாம். அளவுக்குழலின் கணக்கை மாற்றாமல் மாற நினைப்பவருக்குப் பைரோடெக்ஸே பொருத்தம்.