'சார்ஜ்' என்ற ஒரு சொல்லும் ஓர் அகராதிச் செயலியும்

அலுவலக ஆவணங்களைத் தமிழாக்குவது என் தொழில் என்பதால், ஓர் ஆங்கிலம்–தமிழ் அகராதிச் செயலியை ஆண்டுச் சந்தா கட்டி எட்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். நான் முயன்று பார்த்த மற்றச் செயலிகளிலும் இதே குறைகளைக் கண்டிருப்பதால் இதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இணையம் இல்லாத இடத்திலும் இது வேலை செய்கிறது. தேடிய சொல் உடனே வந்து நிற்கிறது. எழுத்துரு கண்ணை உறுத்துவதில்லை. ஒரே பொருள் கொண்ட சொற்களுக்கு இதைத் தாராளமாக நம்பலாம். பல பொருள் கொண்ட சொல்லிடம் வரும்போதுதான் இதன் சாயம் வெளுக்கிறது.

சென்ற மாதம் ஒரு விசாரணை அறிக்கையில் 'கமிட்டி சார்ஜ்டு வித் இன்வெஸ்டிகேட்டிங் த ஃப்ராடு' என்ற தொடர் வந்தது. மோசடியை விசாரிக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட குழு என்பது அதன் பொருள். செயலியின் தொடர் மொழிபெயர்ப்புப் பகுதியோ 'மோசடியை விசாரித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட குழு' என்று தந்தது. பாவம், விசாரிக்கப் போனவர்கள் கூண்டில் ஏறிவிட்டார்கள்.

'சார்ஜ்' என்று தேடினால் கட்டணம், விலை, குற்றச்சாட்டு, பொறுப்பு, மின்னூட்டம், தாக்குதல், கட்டளை, சுமை என்று எட்டுச் சொற்கள் காற்புள்ளியிட்டு ஒரே வரியில் கிடைக்கின்றன. எதுவும் தவறில்லை, ஆனால் எது எங்கே பொருந்தும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுகூட இல்லை. பஸ் சார்ஜ் ஏறியதையும், போனில் சார்ஜ் இறங்கியதையும், புதிய அதிகாரி சார்ஜ் எடுத்ததையும், அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளின் 17(பி) பிரிவில் ஒருவருக்குச் சார்ஜ் மெமோ வந்ததையும் அன்றாடம் பேசுகிற நமக்கு, இந்த எட்டுப் பொருளும் இருக்கின்றன என்று சொல்ல அகராதி தேவையில்லை. ஒரு பொருள் எங்கே முடிந்து மற்றொன்று எங்கே தொடங்குகிறது என்பதைத்தான் அது காட்ட வேண்டும்.

'நர்ஸ் இன் சார்ஜ் ஆஃப் த சைல்டு' என்றால் குழந்தை செவிலியரின் பொறுப்பில் இருக்கிறது. 'இன்' என்பதற்குப் பின் 'த' சேர்ந்து 'நர்ஸ் இன் த சார்ஜ் ஆஃப் த சைல்டு' என்றாகிவிட்டால், செவிலியர் குழந்தையின் பொறுப்பில் இருப்பதாகப் பொருள் தலைகீழாகிவிடும். செயலி இரண்டையும் 'பொறுப்பில்' என்ற ஒரே சொல்லால் கடந்துவிடுகிறது.

நீதிமன்ற ஆவணங்களில் சிக்கல் இன்னும் கூடுதல். காவல்துறை தாக்கல் செய்யும் சார்ஜ் ஷீட் குற்றப்பத்திரிகை. அதைப் பரிசீலித்த பின் நீதிமன்றம் சார்ஜ் ஃப்ரேம் செய்வதைக் குற்றச்சாட்டு வனைதல் என்பார்கள். முன்னது நடந்தாலே பின்னதும் நடந்துவிட்டதாக ஆகாது; இடையில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், விடுவிக்கப்படவும் வாய்ப்புண்டு. 'வனைதல்' என்ற சொல்லே செயலியில் இல்லை. மின்னியலில் தமிழகப் பாடநூல்களின் 'மின்னூட்டம்' இருக்கிறது, இலங்கைப் பாடநூல்களின் 'மின்னேற்றம்' இல்லை. செய்தித்தாள்கள் 'தடியடி' என்று அழகாக எழுதும் லத்தி சார்ஜுக்கும் இடமில்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது, கடைசியில் ஒதுங்கி நிற்கும் 'சுமை'. வண்டியில் பாரம் ஏற்றுதல் என்ற பிற்கால லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல் இது. கார், கார்கோ, கேரி ஆகியவையும் இதன் உறவினர்களே. பாரத்தை முதலில் வைத்துப் பார்த்தால் மற்றப் பொருள்களில் பெரும்பாலானவை தாமாகவே வரிசையில் வந்து நிற்கும். தமிழிலும் வரியைச் சுமத்துகிறோம், பழியைச் சுமத்துகிறோம், பொறுப்பைச் சுமத்துகிறோம். மின்கலத்தில் மின்சாரத்தை ஏற்றுகிறோம். ஆங்கிலம் ஒரு சொல்லில் அடைத்ததைத் தமிழ் 'சுமத்து', 'ஏற்று' என்ற இரண்டு வினைகளால் பெருமளவு தாங்கிவிடுகிறது என்பதை அகராதி இரண்டே வரிகளில் காட்டியிருக்கலாம். பாய்ந்து தாக்குதல் மட்டும் இந்த வரிசையில் எளிதில் அடங்காது.

பள்ளி மாணவர்களுக்கும் அவசரத்துக்குப் பார்ப்பவர்களுக்கும் இதன் இலவசப் பதிப்பே போதும். மொழிபெயர்ப்பாளர்கள் சந்தா கட்டும் முன், 'சார்ஜ்' போன்ற ஒரு சொல்லைத் தேடிப் பார்த்துவிடுவது நல்லது. என் சந்தாவில் இன்னும் நான்கு மாதங்கள் மீதமிருக்கின்றன. அதுவரை எழுத்துக்கூட்டல் சரிபார்க்க வைத்துக்கொள்வேன், புதுப்பிக்க மாட்டேன்.