ரேம் விலை ஏறினாலும் ஆளைப் பயமுறுத்தாத கடை: தர்மபுரி பென்னாகரம் ரோடு கம்ப்யூட்டர் சர்வீஸ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஷோரூம் கிடையாது. ஏசி, கண்ணாடிக் கதவு, வெள்ளை வெளிச்சத்தில் வரிசையாக லேப்டாப் என்று எதிர்பார்த்துப் போனால் பாதிப் படியிலேயே திரும்பிவிடுவீர்கள். நாலு ரோட்டிலிருந்து பென்னாகரம் ரோட்டில் கொஞ்ச தூரம், ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடி. படி குறுகல், அதிலும் பாதி இடத்தைக் கழற்றிப் போட்ட சிபியு பெட்டிகள் பிடித்துக்கொண்டிருக்கும். கடைப் பெயரை நான் போடவில்லை. ஓனர் அண்ணனே "பேரெல்லாம் எதுக்கும்மா, இருக்கிற கூட்டத்துக்கே பதில் சொல்ல முடியல" என்று சொல்லிவிட்டார். வழி வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.

நான் பாப்பாரப்பட்டி பக்கம் ஒரு இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். சான்றிதழ் விண்ணப்பம், ஜெராக்ஸ், தமிழ் டைப்பிங், பரீட்சை நேரத்தில் பிள்ளைகளின் ஆன்லைன் பதிவு, இதுதான் பிழைப்பு. எல்லாமே நாலாம் தலைமுறை ஐ3 சிஸ்டம், விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். என்னுடையது ஒன்றும் தேறாது. ஊரில் வேறொரு இடத்தில் கேட்டால், "எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க மேடம், பழசுக்கு ஒண்ணுக்கு ஐந்நூறு போட்டுத் தர்றோம்" என்று ஒரு கொட்டேஷன் நீட்டினார்கள். அதில் இருந்த தொகைக்கு மையத்தை மூடிவிட்டு எருமை வாங்கி மேய்க்கலாம். அதே நேரத்தில்தான் ரேம் விலையும் ஏற ஆரம்பித்தது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் மொத்தமாகப் போவதால், நம்மைப் போன்றவர்கள் வாங்கும் சாதாரண ரேம் 2025 கடைசியில் ரெண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. எங்கோ அமெரிக்காவில் யாரோ ஏஐயிடம் கவிதை எழுதச் சொன்னால் பாப்பாரப்பட்டியில் என் பட்ஜெட் இடிக்கிறது, என்ன கணக்கோ.

இந்தக் கடையில் எனக்குப் பிடித்த முதல் விஷயம், அண்ணன் சிஸ்டத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. "எந்த மெஷின்ல என்ன வேலை நடக்குதும்மா?" என்றுதான் கேட்டார். ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் கோடு போட்டு, நான் சொல்லச் சொல்ல எழுதினார். கைரேகைக் கருவியும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் மாட்டும் சிஸ்டம் ஒரு பக்கம், டைப்பிங், பிரிண்ட், இன்டர்நெட் மட்டும் பார்க்கும் சிஸ்டம் இன்னொரு பக்கம், வீட்டு லேப்டாப் தனியாக. அப்புறம் சொன்னார்: முதல் வகைக்கு விண்டோஸ் கட்டாயம், அதில் விளையாடாதீங்க, அதுக்கு மட்டும் எட்டாம் தலைமுறை பழைய டெஸ்க்டாப் எடுத்துத் தர்றேன். ரெண்டாவது வகைக்கு விண்டோஸுக்குப் பதிலா இலவசமா கிடைக்கிற லினக்ஸ் மின்ட் போட்டு, பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா வேகமான எஸ்எஸ்டி மாத்தினால் போதும். வீட்டு லேப்டாப்புக்குக் காசே செலவழிக்க வேண்டாம்.

அந்தக் கடைசி விஷயம் நிறையப் பேருக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வீட்டு உபயோகத்தில் இருக்கும் விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துக் கொடுக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒத்துக்கொண்டால் இலவசம், இல்லையென்றால் 30 டாலர். ஆனால் தொழில் நடத்தும் இடத்துக்கு அந்த வழி கிடையாது. அங்கே ஒரு மெஷினுக்கு முதல் வருஷம் 61 டாலர், அடுத்தடுத்த வருஷம் இரட்டிப்பாகும். "உங்க சென்டருக்கு அந்தக் காசு கட்டுறது வேஸ்ட்டும்மா, அந்தக் காசுல எஸ்எஸ்டி வாங்கிடலாம்" என்றார். விற்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு வாங்காதே என்று சொல்பவரை இந்த ஊரில் நான் அதிகம் பார்த்ததில்லை.

லினக்ஸ் போட்ட சிஸ்டங்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்பீர்கள். வேகம் நன்றாக இருக்கிறது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், பட்டனைத் தட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகும் பழக்கமே போய்விட்டது. தமிழ்99 விசைப்பலகை போட்டுக் கொடுத்தார்கள், பழைய எழுத்துருவில் இருந்த ஃபைல்களுக்கு அந்த ஃபாண்ட்டையும் ஏற்றிக் கொடுத்தார்கள். டைப்பிங் செய்யும் பெண் முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள், இப்போது ஒன்றும் சொல்வதில்லை. பிரிண்டர்தான் தலைவலி. எங்களிடம் இருக்கும் பழைய லேசர் பிரிண்டருக்கு லினக்ஸில் டிரைவர் சரியாக உட்காரவில்லை, கடைப் பையன் மூன்று விதமாக முயற்சி செய்துவிட்டு, கடைசியில் அதை விண்டோஸ் சிஸ்டத்தில் மாட்டி நெட்வொர்க்கில் பகிர்ந்து கொடுத்துவிட்டான். வேலை நடக்கிறது, ஆனால் அந்த விண்டோஸ் சிஸ்டம் ஆஃப் ஆகியிருந்தால் யாருக்கும் பிரிண்ட் வராது. இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம். ஒரு நட்சத்திரத்தில் கால்வாசி இதற்காகக் குறைக்கிறேன்.

அடுத்தது போர்டு வேலை. வீட்டு லேப்டாப் ஒன்று ஆன் ஆகாமல் கிடந்தது, மதர்போர்டு போச்சு என்று வேறு இடத்தில் கைவிட்டது. இங்கே மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருப்பது ஒரு பாலிடெக்னிக் முடித்த பெண். சார்ஜர் வரும் 19 வோல்ட் பாதையில் மல்டிமீட்டரை வைத்தாள், பீப் என்று கத்தியது. "ஷார்ட் இருக்குக்கா, பாருங்க" என்று எனக்கே காட்டினாள். அந்தப் பாதையில் குறைந்த வோல்டேஜில் கரண்ட் கொடுத்து, போர்டின் மேல் ஐபிஏ என்ற, சீக்கிரம் ஆவியாகும் ஆல்கஹாலைத் தடவினாள். ஒரு இடத்தில் மட்டும் ஈரம் சட்டென்று காய்ந்தது. அந்த இடத்தில் எள் அளவுக்கு ஒரு கெப்பாசிட்டர், அதுதான் சூடாகிக்கொண்டிருந்திருக்கிறது. ஹாட் ஏர் வைத்து அதை எடுத்துவிட்டு, செத்துப்போன வேறொரு போர்டிலிருந்து அதே மாதிரி ஒன்றைப் பிடுங்கி வைத்தாள். ஆன் ஆனது. கெப்பாசிட்டர் விலை ஐந்து ரூபாய்கூட இருக்காது, கூலி 1,800 வாங்கினார்கள், நான் வாயே திறக்கவில்லை. போர்டு மாற்றினால் ஆகும் செலவில் இது சில்லறை.

வேலை நடக்கும்போது உட்கார்ந்திருந்ததில் அண்ணனிடம் கதை கேட்டேன். கேட்டால்தான் இந்தக் கடை ஏன் இப்படி இருக்கிறது என்று புரியும். ஆரம்பத்தில் இது புது கம்ப்யூட்டர் விற்கும் கடை. 2011-ல் அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது கல்லூரிப் பிள்ளைகள் வாங்குவது படுத்துவிட்டதாம். சரி, கடையை மூடலாமா என்று யோசித்தவர், கொஞ்ச காலத்தில் அதே இலவச லேப்டாப்கள் பேட்டரி போய், கீல் உடைந்து, கீபோர்டு போய் வரத் தொடங்கியதும் சர்வீஸுக்கு மாறினார். 2016 நவம்பர் 8 பணமதிப்பிழப்பில் கையில் காசு இல்லாமல் ஜனங்கள் ஏடிஎம் வாசலில் நின்றபோது, கடனுக்கு ரிப்பேர் செய்து கொடுத்து நோட்டில் எழுதி வைத்தாராம். பெரும்பாலும் வந்துவிட்டது, வராதது வராதுதான் என்கிறார்.

2017 ஜூலை 1 ஜிஎஸ்டி வந்தபோது எல்லோரும் புலம்பினார்கள், இவருக்கு அதுதான் நல்ல காலம். மண்டிக்காரர்கள், கிருஷ்ணகிரி பக்கத்து மாம்பழக்கூழ் ஆலைகள், கிரானைட் ஆட்கள் எல்லாருக்கும் ஒரு சிஸ்டமும் பில் போடும் சாஃப்ட்வேரும் தேவைப்பட்டது. 2018 ஏப்ரல் 1-லிருந்து மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு இ-வே பில் கட்டாயமானதும், நடு ராத்திரி லோடு ஏற்றிவிட்டு பில் போட நெட் வரவில்லை என்று போன் வருமாம். அப்போது அவர் விற்றது கம்ப்யூட்டர் இல்லை, ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் போனை எடுக்கும் பழக்கம். மாதக் கட்டணம் பேசி ஆலைகளின் சிஸ்டங்களை அவரே பார்த்துக்கொள்ள ஆரம்பித்தது அங்கேதான். 2023 ஆகஸ்டிலிருந்து 5 கோடிக்கு மேல் வியாபாரம் செய்பவர்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயமானது இல்லையா, அப்போதும் ஒரு சுற்று ஆட்கள் வந்திருக்கிறார்கள். அரசாங்கம் ஒரு படிவம் மாற்றினால் எனக்கு ஒரு மாசம் சாப்பாடு என்று சிரிக்கிறார்.

2020 மார்ச் 25 ஊரடங்கில் கடை பூட்டு. ஆனால் பெங்களூரிலிருந்து ஐடி பிள்ளைகள் எல்லாம் தர்மபுரி, அரூர், பாலக்கோடு என்று வீடு திரும்பியிருந்தார்கள். மோடம், யுபிஎஸ், பெரிய மானிட்டர் எல்லாம் அவர்களுக்கு அவசரம். இன்னொரு பக்கம் ஆன்லைன் வகுப்பு, லேப்டாப்புக்கு அடிதடி, எங்கேயும் ஸ்டாக் இல்லை. இவர் போக்குவரத்து திறந்ததும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கம்பெனிகள் குத்தகை முடிந்து கழித்துவிட்ட லேப்டாப்களை வாங்கி வந்து, சுத்தம் செய்து, பேட்டரி மாற்றி, விற்காமல் மாத வாடகைக்கு விட்டார். வாங்க வழியில்லாத வீடுகள் வாடகை கொடுத்தன. இன்றைக்கும் அந்த வாடகைதான் கடை வாடகையைக் கட்டுகிறது என்றார்.

இதைக் கேட்கும்போது எனக்கு சோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி ஞாபகம் வந்தது. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் ஆரம்பித்தபோது அவர்கள் தொலைத்தொடர்புக் கருவி செய்யும் கம்பெனிகளுக்குத்தான் சாஃப்ட்வேர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2001 வாக்கில் அந்தத் துறையே சரிந்தபோது வாடிக்கையாளர்கள் மாயமாகிவிட்டார்கள். கையில் இருந்த அதே வித்தையை வைத்து சாதாரண அலுவலகங்களின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜ்எஞ்சினுக்குப் போனார்கள், 2005-ல் இன்டர்நெட்டிலேயே டைப் செய்யும் சோஹோ ரைட்டர் வந்தது, 2009-ல் கம்பெனிப் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். அளவு வேறு, மாடிக் கடையையும் அதையும் ஒப்பிடுவது ஓவர்தான், ஆனால் இரண்டு பேருமே செய்தது ஒன்று: வாங்கும் ஆள் போனதும் வித்தையை விடவில்லை, வேறு ஆளைத் தேடினார்கள். இதற்கு நேர்மாறு மெமரி சிப் செய்யும் மைக்ரான் கம்பெனி. 2025 டிசம்பரில், நம் மாதிரி சில்லறை வாடிக்கையாளருக்கு க்ரூசியல் என்ற பெயரில் ரேம், எஸ்எஸ்டி விற்றுக்கொண்டிருந்த வியாபாரத்தையே நிறுத்தப் போவதாக அறிவித்தது, டேட்டா சென்டர் தேவையைப் பார்க்க வேண்டுமாம். நல்ல காலம் வந்ததும் சின்ன ஆளை விட்டுவிட்டார்கள். லாபக் கணக்கில் அது சரியாகவே இருக்கலாம், எனக்குத்தான் வயிறு எரிகிறது.

ரேம் விஷயத்தில் அண்ணனின் வழி இதுதான்: செத்த போர்டுகளிலிருந்து ரேமைக் கழற்றி, ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் என்ற சோதனை சாஃப்ட்வேரை ஓடவிட்டு, ஒரு பிழைகூட வராததை மட்டும் விற்கிறார். பில்லில் "பழையது" என்று எழுதி மூன்று மாத வாரன்டி. நான் எடுத்தவை இதுவரை ஒழுங்காக ஓடுகின்றன. பழையதைப் புதியது என்று பாக்கெட்டில் போட்டு விற்கும் காலத்தில் அந்த ஒரு வார்த்தை பில்லில் இருப்பது பெரிய விஷயம்.

குறைகள் இல்லாமல் இல்லை. போன் எடுக்க மாட்டார்கள். ராத்திரி பன்னிரண்டுக்குப் போன் எடுத்த கதையெல்லாம் மாதக் கட்டணம் கட்டும் ஆலைகளுக்கு, நமக்கு வாட்ஸ்அப்பில் நீலக் கோடு மட்டும் விழும். "நாளைக்கு" என்றால் மறுநாள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அதற்கு அடுத்த நாளும் ஆகலாம். வேலை பழகிய பையன்களை ஓசூர் கம்பெனிகள் இழுத்துக்கொள்கின்றன, அங்கே கொடுக்கும் சம்பளமும் பிஎஃப்-உம் இவரால் முடியாது என்பது நியாயம்தான், ஆனால் அதனால் நாம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இப்போது உள்ளூர்ப் பெண்களைப் பழக்கிக்கொண்டிருக்கிறார், கல்யாணமாகி இங்கேயே இருப்பவர்கள், ஓசூருக்குப் போக முடியாதவர்கள். வேலை சுத்தமாக இருக்கிறது. சம்பளத்தையும் அதே மாதிரி பார்த்துக் கொடுத்தால் நன்றாக இருக்கும், கேட்டேன், சிரித்து மழுப்பிவிட்டார்.

இன்னொன்று, டேட்டா பேக்கப் பற்றி அவர்களாகக் கேட்பதில்லை. எஸ்எஸ்டி மாற்றும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள், அதோடு சரி. என்னைப் போல ஜனங்களின் ஆதார், வருமானச் சான்று எல்லாம் கையாள்பவர்கள் அந்த டிஸ்க்கை மறக்காமல் வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

போகிறவர்களுக்கு: பார்த்துச் சொல்ல 200 ரூபாய், வேலை செய்தால் அதில் கழித்துவிடுவார்கள். யுபிஐ உண்டு, ஜிஎஸ்டி பில் கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டால் சாதா பில்தான், கேளுங்கள். சனிக்கிழமை கூட்டம் தாங்காது. செவ்வாய், புதன் காலை பத்தரைக்குப் போனால் அண்ணனே உட்கார்ந்து பேசுவார். வண்டி நிறுத்த இடமில்லை, பஸ் ஸ்டாண்டு பக்கம் விட்டுவிட்டு நடந்து வாருங்கள். சார்ஜரையும் எடுத்துப் போங்கள், பாதிப் பேருக்குக் கோளாறு அதில்தான் இருக்கிறதாம்.